இசைத்தட்டில் அந்தாதி தொடுத்தவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பாடாதவன் பாடகன் ஆவானா? கருவி மீட்டாதவன் இசைக்கலைஞன் ஆவானா? இவ்வினாக்களுக்கு 'ஆகான்' என்றே எவரும் விடை பகர்வர். ஆயினும் சென்ற அரை நூற்றாண்டாக உலகின் பெருநகரங்களில் ஒரு கலைஞர் கூட்டம் வாழ்ந்து வருகிறது. அவர்கள் பாடுவதில்லை, வயலினோ பியானோவோ வாசிப்பதில்லை. பிறர் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிட்டு, விடிய விடிய மக்களை ஆடவைக்கின்றனர். டிஸ்க் ஜாக்கி என்னும் பெயர் சுருங்கி டி.ஜே. என வழங்குகிறது. திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கியை அலறவிடுபவர் என்ற அளவிலேயே நம்மிடையே பலர் அச்சொல்லை அறிவர். ஆனால் அத்தொழிலின் உள்ளே நுண்ணிய கலை ஒன்று இருக்கிறது. அக்கலை கேட்கும் செவியிலிருந்து பிறந்தது. விரட்டப்பட்ட மக்களுக்கு நிழல் தந்தது. அதனை ஒரு மனிதரின் வாழ்வைக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். அம்மனிதர் சிகாகோ நகரின் ஃபிராங்கி நக்கிள்ஸ்.

தொகுத்தலும் தொடுத்தலும்

தமிழ் கற்றோர்க்கு இக்கலையின் அடிப்படை புதியதன்று. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பது மரபு. அத்தொகை நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை. இரண்டும் எட்டுமாக முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தின் மடங்குகளாக வருவன நெய்தல். இந்நிரல் பாடிய புலவர்களின் செயலன்று, தொகுத்தவரின் செயல். எதன்பின் எது வரவேண்டும் என்று துணிவதும் ஓர் ஆக்கமே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ தொகுத்தார் பெயரையும் தொகுப்பித்தார் பெயரையும் பாடினோர் பெயரோடு சேர்த்துப் போற்றினர்!

இனி அந்தாதியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் முதலாகிறது. கேட்பவர் செவியில் ஓட்டம் அறுபடுவதில்லை. எங்கே ஒரு பாட்டு முடிந்தது, எங்கே மற்றொன்று தொடங்கிற்று என்ற எல்லை மறைகிறது. டி.ஜே. செய்வதும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு யாதெனின், அந்தாதி பாடும் புலவன் அடுத்த சொல்லைத் தானே படைக்கிறான், டி.ஜே.யோ முன்பின் அறியாத இருவர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் பதிவு செய்த பாடல்களை எடுத்து, ஒன்றன் ஈற்றில் மற்றொன்றைத் தொடுக்கிறார்.

செவியின் உழைப்பு

அத்தொடுப்பு எவ்வாறு நிகழ்கிறது? டி.ஜே.யின் மேசையில் இரண்டு டர்ன்டேபிள்கள், நடுவே ஒரு மிக்சர், அவர் தலையில் ஒரு ஹெட்ஃபோன். ஒரு தட்டு அரங்கு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். மற்றொன்றை அவர் மட்டும் ஹெட்ஃபோன் வழியே கேட்டு ஆயத்தம் செய்வார். முதல் தட்டின் தாளம் நிமிடத்துக்கு 124 அடி, இரண்டாவதன் தாளம் 120 அடி எனக் கொள்க. இரண்டாவதை நூற்றுக்கு ஏறத்தாழ 3.3 பங்கு விரைவுபடுத்தினால் இரண்டும் ஒன்றும். ஆனால் தட்டு விரைந்து சுழலும்போது சுருதியும் ஏறும். நூற்றுக்கு ஆறு பங்கு விரைவு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். ஆகவே தாளம் பொருந்தினாலும் பண் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

தாளத்தைப் பொருத்துவதும் எளிதன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு எஞ்சினாலும், ஒரு நிமிடத்தில் இரண்டு தட்டுகளும் வினாடியில் நூற்றில் ஆறு பங்கு விலகிவிடும். அவ்வளவே போதும், ஓரடி ஈரடியாகக் கேட்கும், ஆடுவோரின் கால் தடுமாறும். ஆகவே ஒரு செவி அரங்கிலும் மறு செவி ஹெட்ஃபோனிலும் இருக்க, விரல் நுனியால் தட்டின் விளிம்பைச் சற்றே தள்ளியும் தடுத்தும் அவர் திருத்திக்கொண்டே இருப்பார்.

இப்பணிக்கு ஏற்ற கருவியாக விளங்கியது, ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்னும் பெயரில் 1972இல் வெளியிட்ட எஸ்.எல்.-1200. பட்டையின் உதவியின்றி மோட்டாரே தட்டைத் தாங்கும் வட்டத்தை நேரே சுழற்றும் அமைப்பு அதனுடையது. கை பட்டு நின்றாலும் நொடியில் பழைய விரைவை எட்டிவிடும். வீட்டில் அமைதியாக அமர்ந்து இசை கேட்போருக்காகச் செய்யப்பட்ட அக்கருவி, 1979இல் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை விரைவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நெம்புகோலுடன் மறுவடிவம் பெற்றபின், இரவு அரங்குகளின் நிலையான கருவியாயிற்று.

இத்தனையும் கைத்திறன். கைத்திறனுக்கு மேற்பட்டது தேர்வு. ஆடுவோர் களைத்திருக்கின்றனரா, ஊக்கத்துடன் உள்ளனரா, இப்போது தரவேண்டியது அவர்கள் அறிந்த பாடலா, அறியாத பாடலா என்று ஒவ்வொரு சில நிமிடத்திற்கும் முடிவெடுக்க வேண்டும். அரங்கில் நூறு பேர் இருந்தால் நூறு மனங்களையும் ஒரே நேரத்தில் படித்தாக வேண்டும்.

நியூயார்க்கில் பெற்ற கல்வி

ஃபிராங்கி நக்கிள்ஸ் 1955ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது இசையன்று, துணி வடிவமைப்பு. அவருடைய உயிர்த்தோழர் லாரி லெவன். பின்னாளில் பாரடைஸ் கராஜ் அரங்கின் வழியே பெரும்புகழ் எய்தியவர். இவ்விருவரும் இரவெல்லாம் அரங்கு அரங்காகச் சென்று ஆடியும் கேட்டும் திரிந்த இசைப் பித்தர்கள். 1970 முதல் டேவிட் மன்கூசோ என்பார் தம் இல்லத்திலேயே நடத்திவந்த 'லாஃப்ட்' என்னும் கூடல் அக்காலத்து நியூயார்க் இளைஞர் பலருக்குப் பள்ளியாக இருந்தது. இன்ன நிறத்தவர், இன்ன இயல்பினர் என்ற வேற்றுமையின்றி எல்லாரும் கூடிய இடம் அது.

கேட்டுக் கேட்டே அவர்கள் டி.ஜே. ஆயினர். இத்தொழிலில் எவரும் முதலில் சுவைஞரே, பின்னரே கலைஞர். கடை கடையாக ஏறி, தட்டு தட்டாகக் கேட்டு, நூறில் ஒன்றைத் தேர்ந்து, கையிலுள்ள காசையெல்லாம் அதற்கே செலவிட்டு, அதை நான்கு பேர் கேட்க ஒலிக்கச் செய்யவேண்டும் என்று துடிக்கும் துடிப்பிலிருந்தே இத்தொழில் பிறக்கிறது. தாம் சுவைத்த பாட்டைப் பிறரும் சுவைக்க வேண்டும் என்னும் இவ்வேட்கை இலக்கிய வட்டத்தினர்க்கு விளக்க வேண்டாத ஒன்று.

1977இல் சிகாகோவில் புதியதோர் அரங்கு தொடங்க முனைந்த ராபர்ட் வில்லியம்ஸ், முதலில் லெவனையே அழைத்தார். அவர் நியூயார்க்கை விட்டு வர இசையவில்லை. இரண்டாவதாக அழைக்கப்பட்டவர் நக்கிள்ஸ். தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206ஆம் எண்ணுள்ள மூன்றடுக்குக் கட்டடம் அது. பெயர் 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு. அங்கு வந்தோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமான தன்பால் ஈர்ப்புடைய இளைஞர்கள். நிறத்தால் ஒருமுறையும் இயல்பால் மறுமுறையுமாக ஊரால் இருமுறை ஒதுக்கப்பட்டவர்கள். மது விற்காத அந்த அரங்கில் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் வரை நீளும். விளக்குகளை அணைத்து, இருளில் விரைவு இரயில் ஒன்று அரங்கின் குறுக்கே பாய்ந்தோடுவது போன்ற ஒலியை எழுப்பி ஆடுவோரைச் சிலிர்க்கச் செய்வது நக்கிள்சின் உத்திகளுள் ஒன்று.

தட்டுகள் எரிந்த மாலை

அதே நகரில் 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் நிகழ்ந்ததை இசை வரலாறு மறக்கவில்லை. அப்போது அமெரிக்கா முழுவதும் டிஸ்கோ இசை கோலோச்சியது. அதன்மேல் வெறுப்பும் வளர்ந்திருந்தது. கோமிஸ்கி பார்க் பேஸ்பால் விளையாட்டரங்கில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவருவோர்க்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, குவித்து வைத்த தட்டுகளை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் ஆடுகளத்துக்குள் பாய்ந்தது. இரண்டாம் ஆட்டம் நடைபெறவே இல்லை.

அன்று அவ்வரங்கில் பணியாளாக நின்றவர் வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். வந்து குவிந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல. கறுப்பினக் கலைஞர்கள் பாடிய எத்தகைய பாடலும் அக்குவியலில் கிடந்தது என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். வெறுக்கப்பட்டது ஓர் இசை வகை மட்டும்தானா, அன்றி அதைப் பாடியவர்களும் அதற்கு ஆடியவர்களுமா என்னும் வினா அன்று எழுந்தது, இன்றளவும் அடங்கவில்லை. அதே லாரன்ஸ் 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்சுடன் இணைந்து ஆக்கிய 'ஆன் அண்ட் ஆன்', பின்னர் ஹவுஸ் என்று பெயர்பெற்ற இசையின் தொடக்கத் தட்டுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

நாடாவும் பொறியும்

வெறுப்பின் விளைவு விரைவில் தெரிந்தது. பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடுவதற்கேற்ற புதிய தட்டுகள் அருகின. ஆனால் சனிக்கிழமை தோறும் வேர்ஹவுசின் கதவு திறந்தாக வேண்டும், மக்கள் வந்துவிடுவர். தட்டில்லாத டி.ஜே. என் செய்வார்?

நக்கிள்ஸ் பழைய தட்டுகளையே புதியனவாக்கினார். ஒலிப்பொறியியல் பயின்ற நண்பர் ஒருவரின் துணையுடன் பாடல்களை நாடாச் சுருளில் பதித்து, நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டினார். குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதி ஒரு பாடலில் சில வினாடியே இருக்கும். அதனைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பல நிமிடங்களாக நீட்டினார். துணியை வெட்டவும் இணைக்கவும் கற்ற கை ஒலியை வெட்டித் தைத்தது எனலாம். நகரத்து இசைத்தட்டுக் கடைகளில் இளைஞர்கள் 'வேர்ஹவுசில் ஒலிக்கும் பாட்டு வேண்டும்' என்று கேட்கத் தொடங்கினர். அப்பெயரின் பிற்பாதியே 'ஹவுஸ்' என்னும் இசைவகையின் பெயராயிற்று என்பர். ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என நக்கிள்ஸ் கூறியதாகவும் சொல்வதுண்டு. எரித்தவர்களை எரிக்காமல், அவர்தம் பிள்ளைகளையே பின்னாளில் ஆடவைத்த பழிவாங்கல் அது.

பின்னர் அவர் வேர்ஹவுசை விட்டு நீங்கி, 1983இல் 'பவர் பிளாண்ட்' என்னும் சொந்த அரங்கைத் தொடங்கினார். அப்போது டெட்ராய்ட் நகரிலிருந்து டெரிக் மே என்னும் இளைஞர் ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-909 என்னும் டிரம் மெஷினைக் கொண்டுவந்து அவருக்கு விற்றார். தோற்கருவி வாசிப்பவர் இன்றியே தாளம் எழுப்பும் மின்னணுப் பொறி அது. ஓடும் தட்டுகளின் கீழே அத்தாளத்தை ஓயாமல் ஒலிக்கவிட்டு, அந்தாதிக்கு ஓர் அடிச்சரடு கோத்தார் நக்கிள்ஸ். அதே டெரிக் மே, யுவான் அட்கின்ஸ், கெவின் சாண்டர்சன் ஆகிய பள்ளித் தோழர் மூவரும் டெட்ராய்டில் 'டெக்னோ' என்னும் இசைவகைக்கு வித்திட்டனர்.

இப்பொறிகளின் கதை சுவையானது. அதே நிறுவனம் 1981இல் வெளியிட்ட டி.பி.-303, பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாகச் செய்யப்பட்டது. கிட்டாரைப் போல ஒலிக்காததால் விலைபோகாமல் 1984இல் உற்பத்தி நின்றது. சிகாகோவில் 'ஃபியூச்சர்' என்னும் குழுவினர் அதன் திருகுகளைக் கண்டபடி திருகியபோது எழுந்த நெளிந்து முனகும் ஒலியிலிருந்து 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் தட்டு பிறந்தது. 'மியூசிக் பாக்ஸ்' அரங்கின் டி.ஜே. ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்தார் என்றும், முதலில் விலகி நின்ற மக்கள் நான்காம் முறையில் கட்டுண்டனர் என்றும் கூறுவர். மக்கள் விரும்புவதைத் தருவது மட்டுமன்று, மக்கள் இனி விரும்பப்போவதை அவர்களுக்கு முன்னரே அறிந்து பொறுமையோடு தருவதும் இக்கலையின் இலக்கணம்.

இரவுப் பணியின் விலை

மேடை ஒளியில் இத்தொழில் இன்பமாகவே தோன்றும். அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஊர் உறங்கும்போது உழைத்து, ஊர் விழிக்கும்போது உறங்கும் வாழ்வு அது. இசைத்தட்டுக் காலத்தில் எண்பது தட்டுகள் கொண்ட பெட்டி 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டும். வார நாளில் வேறு வேலை, வார இறுதியில் இசை என்று வாழ்வோரே மிகுதி. புகழும் பொருளும் சேர்வோர் சிலரே.

கொடிது செவிக்கு நேரும் கேடு. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் பணியாற்றலாம். ஒலி ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அக்கணக்கின்படி 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் பதினைந்தே நிமிடம். டி.ஜே.யோ ஓர் இரவில் ஐந்தாறு மணி நேரம் அத்தகைய ஒலியின் நடுவே நிற்கிறார். உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் கேளிக்கை அரங்குகளுக்கு 100 டெசிபல் என்னும் உச்சவரம்பை வகுத்தது. எந்தச் செவி இக்கலைக்கு முதலோ அந்தச் செவியையே இத்தொழில் தின்கிறது. ஆதலின் செவியடைப்பான் அணிவது இன்று அறிவுடைய டி.ஜே.க்களின் வழக்கமாயிற்று.

நக்கிள்ஸ் நீரிழிவு நோயால் துன்புற்றார். 2008இல் அவருடைய ஒரு பாதம் அகற்றப்பட்டது. ஆயினும் அவர் மேசையை விட்டு விலகவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் சிகாகோவில் தம் 59ஆம் வயதில் காலமானார்; அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்கூட இலண்டனில் மக்களை ஆடவைத்துத் திரும்பியிருந்தார்.

ஊர் தந்த மதிப்பும் நீதிமன்றம் தந்த விடையும்

காலம் மெல்லத் தன் தீர்ப்பைத் திருத்தி எழுதிற்று. பிறர் பாடலை மறுஆக்கம் செய்வோர்க்கென 1998இல் கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் நக்கிள்ஸ். 2004இல் சிகாகோ மாநகரம், வேர்ஹவுஸ் இருந்த தெருப்பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2023இல் அக்கட்டடமே பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாயிற்று. தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த அதே நகரில், அவர் சேர்த்த ஏறத்தாழ 5,000 தட்டுகள் ஸ்டோனி ஐலண்ட் கலைக்கூடத்தில் ஆவணமாகப் பேணப்படுகின்றன.

எஞ்சியது தொடக்கத்தில் எழுந்த வினா: பிறர் இசையை ஒலிக்கச் செய்பவர் கலைஞரா? இதற்கு விடை கூறவேண்டிய நிலை ஒரு நாட்டின் நீதிமன்றத்துக்கே வந்தது. சிகாகோவிலும் டெட்ராய்டிலும் பிறந்த இசை, 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின் அந்நகரின் ஆளற்ற கட்டடங்களில் குடியேறியது. பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலத்தடிப் பெட்டக அறையில் 1991இல் 'டிரேசர்' அரங்கு தொடங்கிற்று. கிழக்கு இளைஞரும் மேற்கு இளைஞரும் ஒரே தாளத்துக்கு ஆடினர். ஜெர்மனியில் இசைக் கச்சேரிக்கு வரி நூற்றுக்கு 7. வெறும் கேளிக்கைக்கு 19. டெக்னோ இரவு இவற்றுள் எது? 2016இல் பெர்லினின் 'பெர்க்ஹைன்' அரங்கு தொடர்பான வழக்கில், அது கச்சேரியே என்று நிதி நீதிமன்றம் முடிவு செய்தது. 2020இல் மற்றொரு வழக்கில் அந்நாட்டின் உச்ச நிதி நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. டி.ஜே. பிறர் தட்டுகளை வெறுமனே ஒலிக்கவிடாமல், டர்ன்டேபிளையும் மிக்சரையும் கொண்டு தமக்கே உரிய ஒலித்தொடரை ஆக்கினால் அவையும் இசைக்கருவிகளே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024இல் பெர்லினின் டெக்னோ பண்பாடு அந்நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று இசைத்தட்டுப் பெட்டியின் இடத்தை விரலளவு நினைவகம் கொண்டுவிட்டது. இரண்டு தாளங்களையும் ஒன்றாக்கும் பணியை ஒரு பொத்தானே செய்துவிடுகிறது. கைத்திறன் இவ்வாறு எளிதாகிவிட்டபின் எஞ்சுவது யாது? நக்கிள்ஸ் வாழ்ந்து காட்டியதே எஞ்சுகிறது: நிறையக் கேட்டல், நன்று தேர்தல், உரிய நேரத்தில் தருதல், எதிரே நிற்பவர் முகம் பார்த்தல். எந்தப் பொத்தானும் ஓர் அரங்கின் களைப்பை அறியாது. ஒதுக்கப்பட்டு வந்து நிற்கும் ஓர் இளைஞனுக்கு எந்தப் பாட்டு இல்லமாகும் என்றும் சொல்லாது. அதைச் சொல்வது செவியும் நெஞ்சும்.

நூலைப் பாடியவர்க்கு உள்ள பெருமை, அதைத் தேடித் தொகுத்து, கேட்பார் செவியறிந்து எடுத்துரைத்தவர்க்கும் உண்டு. பத்தாண்டுகளாகப் பிறர் நூல்களைத் தேர்ந்து படித்து, அடுத்தவர்க்கு எடுத்துச் சொல்லி வரும் இவ்வட்டத்தினர் செய்வதும் அத்தகைய பணியே. ஒரு பாட்டின் ஈற்றில் மற்றொரு பாட்டு தொடங்கட்டும். பத்தாம் ஆண்டின் ஈற்றில் பதினோராம் ஆண்டு தொடங்கட்டும்.